ரொட்டிக் கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு வருஷம்

எங்கள் வீட்டில் 2018ஆம் வருஷம் மலேசியாவில்தான் நடந்தது. நாங்கள் இருந்தது கீழக்கரை பக்கம், ஒரு புறம் கடல், மறுபுறம் கருவேலங்காடு. ஆனால் அந்த வருஷம் முழுக்க உம்மா காலையில் கேட்ட முதல் கேள்வி, "அங்கே என்னவாம்?" என்பதுதான். வாப்பா கோலாலம்பூர் பக்கம் சுபாங் ஜெயாவில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு இப்படி ஒரு 'அங்கே' உண்டு. சபர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர் வீடு என்றால் அந்த நாட்டின் வரி, அந்த நாட்டின் மழை, அந்த நாட்டு மந்திரியின் பேச்சு எல்லாம் நம் அடுப்படி வரைக்கும் வந்துவிடும்.

அங்கே தேர்தலில் ஆட்சி மாறிய அந்த வருஷத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எல்லாம் ஓட்டுப் போட்டவர்கள் பக்கத்திலிருந்து எழுதியவை. ஓட்டுப் போட்டவர்களுக்கு விடிய விடிய ரொட்டியும் தே தாரிக் என்ற ஆற்றிய டீயும் போட்டுக் கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்து ஒருவராவது எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மே 9, புதன்கிழமை தேர்தல். வேலை நாளில் போய் தேர்தலை வைக்கிறார்களே என்று அங்கே ஒரே கோபம், அப்புறம் அன்றைக்கு லீவு விட்டார்கள். விரலில் மை காயாமல் சனம் கடைக்கு வந்து உட்கார்ந்தது என்று வாப்பா சொன்னார். அவர் 1996இல் அங்கே போனவர், இடையிடையே ஊருக்கு வந்து திரும்பியவர். 1998இல் அப்போதைய பிரதமர் மகாதீர் தன் துணைப் பிரதமர் அன்வாரைப் பதவியிலிருந்து நீக்கி, அன்வார் சிறைக்குப் போய், தெருவெல்லாம் போராட்டமாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவர். அதே மகாதீர் 92 வயதில் எதிர்க்கட்சிப் பக்கம் வந்து, சிறையில் இருந்த அதே அன்வாரின் கட்சியோடு சேர்ந்து நிற்கிறார் என்றால் அவருக்கு நம்பவே முடியவில்லை.

அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. இரவு பத்தரைக்கு நான் கூப்பிட்டபோது அவருக்கு ஒரு மணி. பின்னால் கடையே இரைந்தது. "தம்பி, ஒரு ஆளும் வீட்டுக்குப் போகல, மாவு தீர்ந்து போச்சு, மறுபடி பிசையிறோம்" என்றார். 222 இடங்களில் 112 வேண்டும். மகாதீர் பக்கத்துக் கூட்டணியான பக்காத்தான் ஹராப்பானும் சபா மாநிலத்தின் வாரிசான் கட்சியும் சேர்ந்து அதைத் தாண்டிவிட்டன. 1957இல் சுதந்திரம் வாங்கியதிலிருந்து 61 வருஷம் ஒரே கூட்டணி ஆண்ட நாடு, ஒரே ராத்திரியில் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றிக்கொண்டது. மறுநாள் இரவு பத்து மணி வாக்கில் மகாதீர் பதவியேற்றார். ஆறே நாளில் அன்வார் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். இதை நான் இன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் நினைக்கிறேன். ஆட்சி கைமாறும்போது ரத்தம் சிந்தாமல் இருப்பது எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை.

அப்புறம் நோன்பு வந்தது. கோலாலம்பூரில் முன்னாள் பிரதமர் நஜிப்போடு தொடர்புள்ள வீடுகளிலிருந்து 284 பெட்டி கைப்பைகளைப் போலீஸ் தள்ளுவண்டியில் வைத்து இறக்கியது, அதைக் கடை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பிடிபட்ட எல்லாவற்றையும் மதிப்புப் போட்டபோது 90 கோடியிலிருந்து 110 கோடி வெள்ளி, அதாவது ரிங்கிட், வரை வந்தது. அப்போது ஒரு வெள்ளிக்கு நம் காசில் 16, 17 ரூபாய். உம்மா அதை ரூபாயாக்கச் சொன்னார், நான் கணக்குப் போட்டுச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. ஜூன் 1 முதல் 6 சதவீத ஜிஎஸ்டியைப் பூஜ்யமாக்கினார்கள். ஒன்றும் வைக்காத வெறும் ரொட்டிக்கு அங்கே 'ரொட்டி கோசோங்' என்று பேர், கோசோங் என்றால் வெறுமை, பூஜ்யம். கடைக்கு வந்தவர்களெல்லாம் வரியும் கோசோங் ஆகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார்களாம். அந்தப் பெருநாளுக்கு முதலாளி எல்லோருக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்.

பெருநாள் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மனிதவள அமைச்சர் குலசேகரன், அடுத்த ஜனவரியிலிருந்து உணவகங்களில் உள்ளூர்க்காரர்கள்தான் சமையல்காரர்களாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை. சொன்னவர் தமிழர் என்பதில் எங்களுக்கு ஒரு கூடுதல் வலி. உள்ளூர் ஆட்களுக்கு வேலை வேண்டும், வெளியாட்கள் குறைந்த கூலிக்கு வருவதால் சம்பளம் ஏற மாட்டேன் என்கிறது என்பதெல்லாம் நியாயமான பேச்சுதான். பினாங்கில் 2016 முதலே தெருக்கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக்கூடாது என்று விதி இருந்தது. ஆனாலும் இருபது வருஷமாக ஒருவர் மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறப் போட்டு, விடிகாலை நாலு மணிக்குக் கல் முன்னால் நின்று, ஒரு உருண்டையை விசிறி, பாய் மாதிரி விரித்து மடித்துப் போடுகிறார். அந்த ரொட்டியைத்தான் அந்த நாடு தன் பெருமை என்று படம் பிடித்துப் போடுகிறது. ரொட்டி மலேசியாவுடையது, போட்ட கை மட்டும் மலேசியாவுடையது இல்லை என்றால் எங்களுக்கு எப்படி இருக்கும்? எதிர்ப்பு வந்தது, சில நாளில் அது வெறும் யோசனைதான் என்று அவரே சொல்லிவிட்டார். அந்தச் சில நாள் வாப்பா போனில் சரியாகவே பேசவில்லை.

அது உலகக் கோப்பை சமயமும்கூட. பெரிய திரை கட்டி, நாற்காலியை ரோட்டு ஓரம் வரைக்கும் போட்டு, அதிகாலை வரை ஆட்டம். ஒவ்வொரு மேசையிலும் சிகரெட். வாப்பா புகையிலையைத் தொட்டதே இல்லை. ஆனால் இருமல் அந்த ஜூலையில் ரொம்ப மோசமாகிவிட்டது, பேசிக்கொண்டே இருக்கையில் போனைத் தள்ளிப் பிடித்துக்கொள்வார்.

ஆகஸ்டைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கஷ்டம். என் மாமி மகன், எனக்கு மச்சான், ஃபேக்டரி பெர்மிட் என்று ஒரு ஏஜெண்ட் சொன்னதை நம்பி, உம்மாவின் நகையை அடகு வைத்துப் போனவன். கொண்டுபோய் இறக்கியது சுற்றுலா விசாவில். பெர்மிட் வரும், வரும் என்று இரண்டு வருஷம் போய்விட்டது. ஒளிந்து ஒளிந்து பாத்திரம் கழுவினான். ஆவணம் இல்லாதவர்கள் தானாக வந்து சொல்லிவிட்டு ஊர் திரும்பும் 'த்ரீ பிளஸ் ஒன்' திட்டம் ஆகஸ்ட் 30ஆம் தேதியோடு முடிகிறது என்று அறிவித்தார்கள். 300 வெள்ளி அபராதம், 100 வெள்ளி சிறப்புப் பாஸ், விமான டிக்கெட் நம் செலவு. கடைசி வாரத்தில் வரிசை நிற்க இடமில்லை. டிக்கெட்டுக்கு வாப்பா காசு போட்டு, மச்சான் திருச்சியில் வந்து இறங்கினான். கெடு முடிந்த மறுநாள் ஆகஸ்ட் 31, அந்த நாட்டின் சுதந்திர தினம். புது மலேசியா என்று எல்லோரும் கொடி பிடித்த அன்றைக்குத்தான் தோட்டத்திலும் கட்டட வேலை இடத்திலும் ஆட்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குற்றம் செய்த ஏஜெண்ட் இங்கே வண்டியில் சுற்றுகிறான், ஏமாந்தவன்தான் குற்றவாளி மாதிரி வரிசையில் நிற்கிறான். புது அரசாங்கம் இதை மாற்றும் என்று நான் உண்மையாகவே எதிர்பார்த்தேன். மச்சான் இப்போது பெரியபட்டினம் பக்கம் படகில் போகிறான்.

நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்களுக்கு அடி குறைவுதான். ஆனால் வாப்பாவோடு கடையில் தண்ணி கலக்கிய, அதாவது டீ, காப்பி போட்ட இரண்டு பேர் முத்துப்பேட்டைக்காரர்கள், தென்னை எல்லாம் சாய்ந்துவிட்டது என்று செய்தி வந்ததும் வேலையை விட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்களாம்.

பத்து நாள் கழித்து, வாப்பா இருந்த சுபாங் ஜெயாவிலேயே, சீஃபீல்டு மாரியம்மன் கோயிலை இடம் மாற்றுவது பற்றிய தகராறு கலவரமானது. வண்டிகளைக் கொளுத்தினார்கள். தீயணைப்பு வீரர் முகமது அடிப் படுகாயமடைந்து டிசம்பர் 17 அன்று இறந்தார். கோயில் வாசலில் அழுதுகொண்டு நின்றவர்கள் பேசியது எங்கள் மொழி. அந்தப் பையனுக்கு ஜனாஸா தொழுதவர்கள் எங்கள் மார்க்கம். வாப்பா மாதிரி ஆட்கள் எந்தப் பக்கம் வாயைத் திறப்பது? கடையில் தமிழில் சத்தமாகப் பேசாதீர்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். 22 வருஷத்தில் அப்படி ஒரு வாரம் இருந்ததில்லை என்றார். நல்லவேளை, அது மேலும் பரவாமல் அடங்கியது.

குறைந்தபட்சச் சம்பளம் 1,100 வெள்ளி ஆகிறது என்ற அறிவிப்பும் வருஷக் கடைசியில் வந்தது. அது எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

டிசம்பர் 31 ராத்திரி வாப்பாவே கூப்பிட்டார். ஜனவரி 1 முதல் உணவகங்களில், திறந்தவெளி மேசை உட்பட, புகை பிடிக்கக்கூடாது என்று சுகாதார அமைச்சகம் உத்தரவு போட்டிருந்தது. முதலாளி அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து, தூணுக்குத் தூண் ஒட்டச் சொல்லியிருக்கிறார். வியாபாரம் படுத்துவிடும் என்று அவர் கவலையில் இருந்தாராம். வாப்பா அந்தத் தாளில் இருந்த மலாய் வரியை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார், நடுவில் இருமினார், போனைத் தள்ளிப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த உம்மா போனை வாங்கி, "எல்லாத் தூணிலும் ஒட்டியாச்சா?" என்று கேட்டார். கல்லுக்கு நேர் எதிரே இருக்கிற தூண் மட்டும் பாக்கி என்றார்.