முழந்தாளிட முடியாத ஆண்டு

வேளாங்கண்ணி மாதா ஆலயம் பசிலிக்காவாக, அதாவது பேராலயமாக, உயர்த்தப்பட்ட 1962ஆம் ஆண்டில்தான் நான் பிறந்தேன் என்பதை என் தாயார் பெருமையோடு சொல்லிக்கொண்டிருப்பார். அந்த உறவாலோ என்னவோ, ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி, தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரைப் பாதயாத்திரையாகக் கடப்பது பல ஆண்டுகள் என் வழக்கமாக இருந்தது. பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையே உள்ள மணற்பாதையை முழந்தாளில் கடந்தால்தான் யாத்திரை நிறைவுற்றதாக என் மனம் ஒப்பும்.

பார்க்கின்சன் நோய் கண்டு ஆறு ஆண்டுகளாகின்றன. நடந்துகொண்டிருக்கும்போதே பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். மனம் முன்னே போகும், கால் வராது. ஆகவே இவ்வாண்டு, திருவிழாக் கூட்டத்துக்கு முன்னதாகவே ஜூலை மாதத்தில் மகனோடு காரில் சென்றேன். வழியெல்லாம் அழுகையை அடக்கிக்கொண்டுதான் வந்தேன்.

முதலில் நடுத்திட்டுக்குப் போனோம். கால் ஊனமுற்ற மோர்க்காரச் சிறுவனுக்கு அன்னை குழந்தையோடு காட்சி தந்ததாக நம் மரபு சொல்லும் இடம் அது. அன்னை மோர் கேட்டார், அவன் கொடுத்தான், நாகப்பட்டினத்துக்குப் போய் ஒரு செல்வரிடம் ஆலயம் எழுப்பச் சொல் என்றார், எழுந்து ஓடிய பிறகே தன் கால் குணமானதை அவன் உணர்ந்தான். எத்தனையோ முறை கேட்ட கதைதான் என்றாலும், அவன் மோரை ஊற்றிக் கொடுத்தபோது இன்னும் ஊனமுற்றவனாகவே இருந்தான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. குணமாகட்டும், பிறகு தருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. நானோ ஆறு ஆண்டுகளாக இறைவனிடம் அப்படித்தான் பேரம் பேசிவந்திருந்தேன். தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி திருத்தூதர் பவுல் மும்முறை மன்றாடியும் அது நீக்கப்படவில்லை, அருள் போதும் என்ற பதிலே கிடைத்தது என்று மறைக்கல்வி வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்!

பேராலயத்தில் திருப்பலி முடிந்ததும் செபமாலையைக் கையில் எடுத்தேன். என் வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எந்நேரமும் எதையோ உருட்டிக்கொண்டிருக்கும். மாத்திரை உருட்டும் நடுக்கம் என்று இதற்குப் பெயர். பிறர் கண்ணில் படாமலிருக்கச் சேலைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொள்வேன். ஓய்ந்திருக்கும்போது நடுங்கும் கை, வேலை கொடுத்தால் தணிவது இந்நோயின் இயல்பு. அது தெரிந்திருந்தும், ஒவ்வொரு மணியாகப் பற்றப் பற்ற விரல்கள் அடங்கிவந்தபோது நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று கையை நான் மறைக்கவில்லை.

மணற்பாதையில் சக்கர நாற்காலி உருளாது. "முட்டி போட வேணாம்மா, ஓரமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடங்க" என்றான் மகன். பத்தடி வைப்பதற்குள் கால் நின்றுவிட்டது. எங்களைக் கடந்து ஓர் இளம்பெண் முழந்தாளில் ஊர்ந்து போனாள். அவள் கடந்த தடம் மணலில் இரண்டு வாய்க்கால்களாகக் கிடந்தது. கால் நின்றுவிட்டால் ஒன்று, இரண்டு என்று தாளமாக எண்ணி அடியெடுத்து வைக்குமாறு இயன்முறை மருத்துவர் பழக்கியிருந்தார். நான் எண்ணவில்லை, மகனிடம் மாதா மன்றாட்டுமாலையைச் சொல்லச் சொன்னேன். "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே" என்று அவன் சொல்ல, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நான் ஓர் அடி வைத்தேன். "பாவிகளுக்கு அடைக்கலமே" என்றான், இன்னோர் அடி. மன்றாட்டுமாலை முடிந்ததும் மறுபடி தொடங்கினோம். எத்தனை முறை சொன்னோம் என்பது நினைவில்லை. இடையில் கால் நின்றபோதெல்லாம் அவன் அதே வரியைத் திரும்பச் சொல்லிக் காத்திருந்தான்.

மாதா குளத்தை அடைந்தபோது மாலை நான்கு மணி மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. மகன் குளத்துத் தீர்த்தத்தைச் சிறு பாத்திரத்தில் வாங்கிவந்து நீட்டினான். மாத்திரையை அதில்தான் விழுங்கினேன்.