டெஸ்டாச்சோவில் ஒரு அடுப்படி, காகிதத்தில் சுற்றிய குவாஞ்சாலே

ரோம் போனால் கொலோசியமும் வத்திக்கானும் பார்க்கத்தான் வேண்டும், பார்த்தோம். அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, டெஸ்டாச்சோ பகுதியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் சின்ன அடுப்படியையும், அங்கே தினமும் ராத்திரி வாணலியில் உருகிய பன்றிக் கன்னத்தையும் பற்றி.

கன்னம் என்றால் நிஜமாகவே கன்னம்தான். இத்தாலிய மொழியில் குவாஞ்சா என்றால் கன்னம், அதிலிருந்துதான் குவாஞ்சாலே. கன்னத்தையும் தாடையையும் சேர்த்து முக்கோணமாக வெட்டி, உப்பில் சில நாள் ஊறவைத்து, மிளகை அப்பி, வாரக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். நம்ம ஊர் உப்புக்கண்டம் மாதிரியா என்று கேட்டால், உப்பும் காற்றும் மட்டும்தான் ஒற்றுமை. உப்புக்கண்டம் வெயிலில் காய்ந்து விறைத்துவிடும், இது நிழலில் தொங்கி, வெட்டினால் உள்ளே வெள்ளையாக, வழவழவென்று, நடுவில் ஒன்றிரண்டு சிவப்பு வரி மட்டும் ஓடும்.

டெஸ்டாச்சோ, கறிக்குப் பெயர் போன இடம். 1975 வரை ரோமின் பெரிய இறைச்சிக்கூடம் இங்கேதான் இருந்தது. குடல், வால், ஈரல் எல்லாம் இந்தப் பேட்டைச் சமையலுக்குள் வந்தது அதனால்தான். இப்போது அந்தப் பழைய கட்டடத்துக்கு எதிரேதான் சந்தை. அங்கே ஒரு வயதான கடைக்காரர், நான் குவாஞ்சாலே என்று சொன்னதும் எடை கேட்கவில்லை, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். முட்டை சேர்த்த கார்பொனாரா பாஸ்தா என்றேன். விரல் கனத்துக்கு ஒரு துண்டு அறுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "நியென்தே ஓலியோ" என்று இரண்டு தடவை சொன்னார். எண்ணெய் வேண்டாம்.

எண்ணெய் ஊற்றவில்லைதான், ஆனால் வாணலியை நன்றாகக் காயவைத்து, பெரிய தீயில் போட்டுவிட்டேன். வெளியே கருகி, உள்ளே கொழுப்பு அப்படியே நின்றுவிட்டது, கடித்தால் ரப்பர். நல்ல கறியைப் பாழாக்கியதில் அன்றைக்கு ராத்திரி எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மறுநாள் மாற்றிச் செய்தேன். மேலே ஒட்டிய மிளகைக் கத்தியால் சுரண்டி, தோலை நீக்கி, சிறு விரல் நீளத்துக்கு நறுக்கி, காயாத வாணலியில் பரப்பி, அதற்கப்புறம்தான் அடுப்பைப் பற்றவைத்தேன், அதுவும் சிம்மில். ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பதறக் கூடாது. பிறகு ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு கண்ணாடி மாதிரி தெளியும், கீழே கொஞ்சம் நெய்யாக உருகிக் கசியும், சத்தம் மெதுவாக ஏறும். கால் மணி நேரத்தில் துண்டுகள் தங்கள் நெய்யிலேயே பொரிந்து பொன்னிறமாகிவிடும். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. துண்டை எடுத்துவிட்டு வாணலியைப் பாருங்கள், மஞ்சளாக மிளகு வாசத்தோடு கிடக்கும் அந்த நெய்தான் சமையலே. வயிற்றுக் கறியில் செய்யும் பான்செட்டாவை இதற்குப் பதிலாகப் போடலாம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் போட்டுப் பார்த்தேன், சாப்பிடலாம், ஆனால் இந்த நெய்யும் இந்த வாசமும் அதில் வரவில்லை.

இந்த நெய்யில் பாஸ்தா வேகவைத்த தண்ணீரைக் கலந்து, பெக்கோரினோ என்ற செம்மறி ஆட்டுப் பால் சீஸும் மிளகும் சேர்த்தால் க்ரிச்சா. அதில் தக்காளி சேர்ந்தால் அமாத்ரிச்சானா, முட்டை சேர்ந்தால் கார்பொனாரா. கார்பொனாராவுக்கு அடுப்பை அணைத்த பிறகுதான் முட்டை, சூடு மிஞ்சினால் பொரியலாகிவிடும். க்ரீம் கிடையவே கிடையாது.

நாலாவது நாள், அமாத்ரிச்சானாவுக்குப் பெயர் கொடுத்த அமாத்ரிச்சேவுக்கே போனோம். ரோமிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர், 955 மீட்டர் உயரத்தில் ஒரு மலையூர். சாலைக்குப் பெயர் சலாரியா, உப்புச் சாலை என்று அர்த்தம், ரோமானியர் காலத்திலிருந்தே இருக்கிற வழி. 2016 ஆகஸ்ட் 24, அதிகாலை 3.36 மணிக்கு வந்த நிலநடுக்கத்தில் ஊரின் பழைய பகுதி தரைமட்டம். சுற்று வட்டாரம் எல்லாம் சேர்த்து 299 பேர் இறந்தார்கள். அந்த வார இறுதியில்தான் இந்த ஊரின் ஐம்பதாவது அமாத்ரிச்சானா ஸ்பகெட்டித் திருவிழா நடக்க வேண்டியிருந்தது. அப்புறம் இத்தாலி முழுக்க உணவகங்களில் ஒரு தட்டு அமாத்ரிச்சானாவுக்கு இரண்டு யூரோ, சாப்பிடுபவர் ஒன்று, கடைக்காரர் ஒன்று, என்று இந்த ஊருக்காக எடுத்துவைத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் மண்ணாகக் கிடந்த தெருவையும் இடியாமல் நின்ற மணிக்கூண்டையும் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு உடனே கரண்டியை எடுக்க முடியவில்லை.

இங்கே ரோம் மாதிரி, நடுவில் துளையுள்ள புகாட்டினி பாஸ்தா இல்லை, ஸ்பகெட்டிதான். வெங்காயமும் பூண்டும் கூடாது. ஊராட்சி சொல்லும் கணக்கே இருக்கிறது, 500 கிராம் ஸ்பகெட்டிக்கு 125 கிராம் குவாஞ்சாலே, கறி எப்போதும் கால் பங்கு. இரும்புச் சட்டியில் வதக்கி, வெள்ளை ஒயின் தெளித்து, துண்டுகளை எடுத்துச் சூடாக வைத்துவிட்டு, அந்த நெய்யிலேயே தக்காளியைக் கொதிக்கவிட்டு, கடைசியில் துண்டுகளைத் திரும்பப் போடுகிறார்கள். எடுத்து வைப்பதன் அருமை சாப்பிட்டபோது தெரிந்தது, தக்காளிப் புளிப்புக்கு நடுவே ஒவ்வொரு துண்டும் தனியாக மொறுமொறுத்தது.

அங்கேயே ஒரு துண்டு வாங்கி வந்து கடைசி ராத்திரி ரோமில் அதே மாதிரி செய்தேன். பாத்திரம் கழுவும்போது வீட்டுக்கார அம்மா சாவி வாங்க வந்தார். நான் குப்பையில் போட இருந்த தோலைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். அதை வாங்கிக் காகிதத்தில் சுற்றியபடியே, நாளைக்கு எங்கள் வீட்டில் பீன்ஸ், பானையில் இதையும் போட்டுவிடுவேன் என்றார்.