காபிக்கொட்டை அரைக்கும்போது தூள் ஒட்டாமல் இருக்க: செய்து பார்த்தவை

வீட்டிலேயே கொட்டை அரைத்து ஃபில்டர் காபி போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். காபி கிரைண்டரின் பிளாஸ்டிக் டப்பாவைக் கழற்றினால் தூள் உள்சுவரெல்லாம் அப்பிக்கொண்டு நிற்கும். தட்டினாலும் விழாது. கொட்டையிலிருந்து உரியும் மெல்லிய தோல் தனியாகப் பறந்து மேடை, அடுப்பு, சர்க்கரை டப்பா என்று கண்ட இடத்தில் ஒட்டும். வேலூரில் மாசி முடியும்போதே இது தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம், நாற்பது டிகிரிக்கு மேல் காய்கிற காற்றில் எல்லாமே ஒட்டும்.

மேடை அழுக்காவதைவிட என்னை உறுத்தியது வேறு. போட்ட கொட்டை முழுக்கத் தூளாக ஃபில்டருக்கு வருவதில்லை. உள்ளே தங்கிய தூள் மறுநாள் புதுத் தூளோடு கலந்து வருகிறது. அரைத்த உடனே இருக்கும் மணத்துக்காகத்தானே வீட்டில் அரைக்கிறோம்? நேற்றையத் தூள் அதில் கலந்தால் பாதிப் பயன் போய்விடுகிறது.

காரணம் நிலைமின்சாரம். கொட்டைகள் ஒன்றோடொன்றும் அரைக்கும் பற்களோடும் உரசுவதாலும், உடைவதாலும் துகள்களில் மின்னூட்டம் ஏறுகிறது. அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழுவினர் இதை அளந்து 2023 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எரிமலைச் சாம்பலில் மின்னூட்டம் எப்படி ஏறுகிறது என்று ஆராய்கிறவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். பாறை உடைந்து சாம்பலாவதும் கொட்டை உடைந்து தூளாவதும் அவர்களுக்கு ஒரே கேள்விதான். அவர்கள் கண்டது: கொட்டைக்குள் மிச்சமிருக்கும் ஈரம் குறையக் குறைய மின்னூட்டம் கூடுகிறது. கருக வறுத்த கொட்டையில் ஈரம் குறைவு, அதனால் ஒட்டலும் அதிகம். நைசாக அரைத்தால் இன்னும் அதிகம்.

நம் ஃபில்டர் காபிக்கு இரண்டுமே பொருந்துகிறது என்பதைக் கவனியுங்கள். நாம் வாங்குவது பெரும்பாலும் நன்றாகக் கறுத்த வறுப்பு, அரைப்பதும் நைசாக.

வெயில்தான் முழுக் காரணமா என்று பார்க்க, ஒரே கொட்டையை விடியற்காலையிலும் நடுப்பகலிலும் அரைத்தேன். பகலில் ஒட்டல் கூடுதல்தான், ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம், வழக்கமாக வாங்கும் கடையில் அதே பிளாண்டேஷன் ஏ, பீபெர்ரி என்ற கொட்டை வகைகளின் கலவையைக் கொஞ்சம் இளவறுப்பாகக் கேட்டு வாங்கினேன். அதே நடுப்பகலில் அரைத்தும் டப்பாவின் சுவர் கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. என் கணக்கில் வேலூர் வெயிலைவிட வறுப்புக்குத்தான் பங்கு அதிகம்.

ஆனால் இளவறுப்பில் டிகாக்‌ஷன் வேறு மாதிரி வருகிறது. புளிப்பு தெரிகிறது, பால் சேர்த்தால் காபி எடுபடவில்லை. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆகவே கறுத்த வறுப்பை வைத்துக்கொண்டே வழி தேட வேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளரில் தூளை விழவைத்தேன். ஓரளவு குறைந்தது. அரைத்ததும் திறக்காமல் சில நிமிடம் விட்டுவைத்தாலும் பறப்பது குறைகிறது, காலை அவசரத்தில் அது நடக்கிற காரியமில்லை.

உண்மையில் வேலை செய்தது தண்ணீர்தான். அரைப்பதற்கு முன் கொட்டைமேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்குவது. டேவிட் ராஸ் என்பவர் சொன்ன வழி என்பதால் காபி ஆர்வலர்கள் இதை ராஸ் டிராப்லெட் டெக்னிக் என்கிறார்கள். ஸ்பூன் காம்பை நனைத்துக் கொட்டையைக் கிளறினாலும் போதும் என்பார்கள். எனக்கு அளவு தெரிய வேண்டும் என்பதால் டிராப்பர் எடுத்துக்கொண்டேன். ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. 25 கிராம் கொட்டைக்கு அரை மில்லி, அதாவது பத்துச் சொட்டு. மூடிய டப்பாவில் போட்டு நன்றாகக் குலுக்கி, உடனே அரைக்க வேண்டும். தூள் மளமளவென்று விழுந்தது, தோல்கூடப் பறக்கவில்லை. தராசில் வைத்துப் பார்த்தால் போட்ட எடை ஏறக்குறைய அப்படியே திரும்பி வருகிறது.

எங்கே எல்லை என்று பார்க்கச் சொட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனேன். இருபதைத் தாண்டியதும் பற்களுக்கிடையில் தூள் பசைபோல ஏறிவிட்டது, பிரஷ் போட்டுச் சுரண்ட வேண்டியதாயிற்று. எஃகுப் பற்கள் என்றால் துருவும் ஒரு கவலை. அரைத்து முடித்தபின் மூடியைச் சிறிது நேரம் திறந்தே வைக்கிறேன், இதுவரை துரு தென்படவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஐந்து சொட்டே போதுமாக இருந்தது.

சுவை மாறியதா என்று கேட்டால், மெஷின் அழுத்தத்தில் இறக்கும் எஸ்பிரசோ காபிக்குத் தண்ணீர் சேர்த்து அரைத்தால் தூள் கட்டி சேர்வது குறைந்து டிகாக்‌ஷன் அடர்த்தியாக இறங்குகிறது என்று அந்த ஆய்வு சொல்கிறது. அழுத்தம் இல்லாமல் தானாக இறங்கும் நம் ஃபில்டரில் அவ்வளவு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பழைய தூள் கலக்காததால் மணம் மட்டும் தெளிவாக இருக்கிறது, எனக்கு அதுவே பெரிது.

மிக்ஸியில் அரைப்பவர்களும் இதைச் செய்யலாம், மூடிக்கடியில் ஒட்டுவது நிற்கும். சிக்கரி கலப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சிக்கரித் தூள் ஈரத்தைச் சட்டென்று இழுத்துக் கட்டியாகும். அதனால் ஈரப்படுத்திய கொட்டையை அன்றன்றைக்குத் தனியாக அரைத்து, சிக்கரியை ஃபில்டரில் போடும்போது மட்டும் சேர்க்கிறேன். வாரத்துக்கு மொத்தமாக அரைத்து டப்பாவில் அடைப்பதாக இருந்தால் தண்ணீர் வேண்டாம், எவர்சில்வர் டம்ளரே போதும்.