துடைக்கத் துடைக்க வந்த எண்

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க, பேரிங்கின் ஓரத்தில் மெல்லத் தெரிய வந்தது: 6203.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரம்ப மெஷின். மூன்றாம் வாரமே கிறீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. பெயர்த் தகடு தேய்ந்து வழுக்கை. சரி, பழைய இரும்புக்குத்தான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஆனால் 6203 என்பது மெஷின் கம்பெனி வைத்த எண் இல்லை. எங்கே கேட்டாலும் ஒரே அளவு. உள்துளை 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. கூடவே 2ஆர்எஸ் என்று இருந்தால் இருபக்கமும் ரப்பர் மூடி. மரத்தூள் பறக்கிற இடத்துக்கு அதுதான் சரி. (வெறும் தகர மூடி போட்டதை வாங்கி ஒருமுறை பட்டிருக்கிறேன்.)

பெல்ட்டும் அப்படித்தான். முதுகில் அழியாத 'ஏ' ஒன்று போதும், மேல் அகலம் 13 மி.மீ.

மாட்டிக்கொண்டது ஒரு சின்னச் சாமான். மரத்தை நேராக ஓட்ட உதவும் பட்டையை இறுக்கும் வார்ப்புத் துண்டு. அந்த மெஷினுக்கென்றே வார்த்தது. எண்ணே இல்லை, நடுவில் விரிசல்.

அட்டையில் அச்சு வரைந்து வைத்திருக்கிறேன். நாளை அலுமினியத்தில் அறுக்க வேண்டும்.

எதை வைத்து? ஆக்சா பிளேடுதான், வேறென்ன!