மூன்றாவது கைப்பிடி

கதவு, நிலை, அலமாரி என்று வருஷக்கணக்கில் மரத்தோடு பழகிய கை என்னுடையது. அதனால்தான், பட்டறைக்கு ஒருவர் தன் அப்பாவின் பழைய சவரக்கத்தியைக் கொண்டுவந்து, "இதைச் சரி பண்ணி மரத்தில் ஒரு கைப்பிடி போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டதும் யோசிக்காமல் சரி என்றேன். அலகுதான் பாடு, கைப்பிடி ஒரு சாயங்கால வேலை என்று என் கணக்கு.

மடக்குக் கத்தி. அலகின் அடியில் சோலிங்கன் என்று, கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மன் ஊரின் பெயர் பொறித்திருந்தது. பழைய கைப்பிடி செல்லுலாய்டு என்ற அந்தக்கால பிளாஸ்டிக், நொறுங்கத் தொடங்கியிருந்தது. மடக்கினால் எந்த இடம் கைப்பிடிக்குள் போகுமோ, சரியாக அங்கேதான் துரு மொத்தமாகப் பிடித்திருந்தது. செல்லுலாய்டு கெட்டுப்போனால் அதிலிருந்து கிளம்பும் ஆவி ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பைத் தின்னும். காப்பாற்ற வேண்டிய உறையே அரித்திருக்கிறது. மரம் கேட்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

அலகையும் கைப்பிடியையும் சேர்த்திருந்த ஆணியின் தலையை அரத்தால் தேய்த்துத் தட்டி எடுத்தேன். துருவை எடுக்க மோட்டாரில் சுழலும் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. சவரக்கத்தியின் விளிம்பு அவ்வளவு மெல்லியது. நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போய்விடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீர் தொட்ட உப்புத்தாள்தான், எண் ஏற ஏற நைசாகும்: 400, 600, 1000, 2000. நான்கு சாயங்காலம். முதுகுப் பக்கம் சில குழிகளை அப்படியே விட்டேன். அவற்றையும் எடுக்கப் போனால் அலகு தேய்ந்துவிடும். விளிம்பில் குழி இல்லாமல் இருந்தால் போதும்.

தீட்டும்போதுதான் பழக்கதோஷம் தலைகாட்டியது. உளியைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பிடிக்க வேண்டும். சவரக்கத்திக்கு அந்த வேலையை அதன் முதுகே செய்கிறது. முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிந்தால் கோணம் தானாக அமையும். என் மணிக்கட்டோ தூக்கித் தூக்கிப் பார்த்தது. ஒருவழியாக 1000 கல்லில் இரண்டு பக்கமும் விளிம்பில் சந்தித்தன. பிறகு 4000, 8000, கடைசியில் தோல் வார். வாரில் மட்டும் முதுகு முன்னே போக வேண்டும். மறந்தால் வார் கிழியும்.

இனி என் ராஜ்ஜியம் என்று ஈட்டி மரத்தை எடுத்தேன். 3 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு துண்டு, இருபக்கப் பசை நாடாவால் ஒட்டி ஒன்றாகவே வடிவம் செதுக்கி, ஒன்றாகவே துளை போட்டேன். வால் பக்கம் இரண்டுக்கும் நடுவே ஒரு ஆப்பு வரும். அதைச் சமகனமாக வெட்டிவிட்டேன். முதல் தடவை மடக்கியதும் அலகு ஒரு பக்கம் சாய்ந்து மரத்தின் உள்பக்கத்தைச் சீவியது. இரண்டு நாள் தீட்டிய கூரும் போயிற்று. (தீட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். எந்தப் பட்டறையிலும் அதுதான் முறை என்று மற்றவர்களுக்குச் சொல்பவன் நான்.)

அந்த ஆப்பு வெறும் இடைவெளி நிரப்பி இல்லை. வால் முனையில் தடித்து, உள்ளே வரவர மெலிந்திருக்க வேண்டும். அந்தச் சரிவுதான் மெல்லிய மரத்தை லேசாக வளைத்து நிறுத்துகிறது. அலகைப் பிடிக்கும் இறுக்கமும், உரசாமல் படுக்க இடமும் அதிலிருந்து வருகின்றன. அரை மில்லிமீட்டர் மாறினால் எல்லாம் மாறுகிறது. கதவு நிலையில் அரை மில்லிமீட்டரை யார் பார்த்தார்கள்?

இரண்டாவது கைப்பிடிக்கு ஆப்பு சரியாக அமைந்தது. பித்தளை ஆணியின் தலையை வாஷர் மேல் தட்டிப் பரப்பிக்கொண்டிருந்தேன். போதும் என்று தோன்றிய பிறகு இன்னும் ஒரு அடி. மரம் ரேகையோடு பிளந்தது.

மூன்றாவதற்கு ரேகை நேராக ஓடும் துண்டாகத் தேடி எடுத்தேன். ஆளி விதை எண்ணெய் பூசிக் காயவிட்டேன். இருப்பதிலேயே சின்னச் சுத்தியல், இரண்டு தட்டு, திருப்பிப் போட்டு இரண்டு தட்டு, திறந்து மூடிப் பார்த்து மறுபடி. அலகு நடுவில் போய்ப் படுத்தது. அப்புறம் கல், வார், முதலிலிருந்து.

வந்தவர் நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

"நீங்க முகத்துல போட்டுப் பாத்தீங்களா?"

"கையில்தான் சார்," என்று முடி போன முன்கையைக் காட்டினேன். அவர் சிரித்தார். கழுத்துப் பக்கம் கொண்டுபோக எனக்குத் தைரியம் வரவில்லை.