சாஸில் புரட்டிய பின்னும் மொறுமொறுப்பு

யாங்நியோம் சிக்கன் எனப்படும் கொரியப் பொரித்த கோழியை வீட்டில் செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அதன் இனிப்பும் புளிப்பும் காரமும் கலந்த சாஸைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் சாஸ் எளிது. அதில் புரட்டியெடுத்த பிறகும் கோழியின் மேற்பூச்சு ஊறிப்போகாமல் நொறுங்க வேண்டும் என்பதுதான் சவால். ஈரத்தை எந்தெந்தக் கட்டத்தில் எப்படி வெளியேற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

ஒரு கிலோ கோழியைச் சிறு துண்டுகளாக்கி, ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் இஞ்சிச் சாறும் சேர்த்து அரை மணி நேரம் வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சில் புரட்ட வேண்டும். மைதாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் மேற்பூச்சை விரைவில் தளரச் செய்யும். ஸ்டார்ச்சில் அது இல்லாததால் மெல்லியதாகவும் கண்ணாடி போல உடையக்கூடியதாகவும் ஓர் ஓடு உருவாகிறது. மக்காச்சோள ஸ்டார்ச்சும் உதவும், ஆனால் உருளைக்கிழங்கு தரும் நொறுங்கல் தனி.

பொரிப்பது இருமுறை. முதலில் ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸில், எலும்புள்ள துண்டுகளானால் 8 முதல் 10 நிமிடங்கள், இறைச்சி முழுவதும் வேகும்வரை பொரித்துக் கம்பித் தட்டில் ஆறவிட வேண்டும். அந்த ஓய்வு நேரத்தில் உள்ளிருக்கும் ஈரம் மேற்பூச்சுக்கு வந்து சேர்வதால், அப்போது தொட்டுப் பார்த்தால் துண்டுகள் சற்று மென்மையாகவே இருக்கும். பிறகு எண்ணெயை 180 டிகிரிக்கு மேல் சூடாக்கி, மூன்று நான்கு நிமிடங்கள் மீண்டும் பொரித்தால் அந்த ஈரம் ஆவியாகிவிடும். சட்டியில் துண்டுகளை நெருக்கியடித்துப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, இந்த உழைப்பெல்லாம் வீணாகும்.

சாஸுக்கு 2 மேசைக்கரண்டி கோச்சுஜாங், 3 மேசைக்கரண்டி தக்காளி கெட்சப், 4 மேசைக்கரண்டி அரிசிப் பாகு அல்லது சோளப் பாகு, சோயா சாஸும் நசுக்கிய பூண்டும் தலா ஒரு மேசைக்கரண்டி. கோச்சுஜாங் என்பது மிளகாய்த்தூள், பசையரிசி, சோயா, உப்பு ஆகியவற்றை நொதிக்கவைத்துச் செய்யும் விழுது. அதன் ஆழ்ந்த சுவையைச் சாதாரண மிளகாய் விழுதால் ஈடுகட்ட முடியாது. அது எளிதில் அடிப்பிடிக்கும் என்பதால் மிதமான தீயில் கிளறி, கரண்டியின் பின்புறத்தில் கனமாகப் படியும்வரை சுண்டவைக்க வேண்டும். நீர்த்த சாஸ்தான் மேற்பூச்சுக்கு முதல் எதிரி. சர்க்கரையைவிடப் பாகு மேலானது. ஆறினாலும் மணலாக இறுகாமல் பளபளப்பு நிற்கும். புளிப்புக்கான ஒரு மேசைக்கரண்டி வினிகரை அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும், கொதிக்கவிட்டால் அதன் கூர்மை ஆவியோடு போய்விடும்.

சூடான கோழியை அகலமான பாத்திரத்தில் இட்டு, சாஸைச் சிறிது சிறிதாக ஊற்றிப் புரட்டி, எள்ளோ உடைத்த வேர்க்கடலையோ தூவலாம். பாகு மிகுந்த கெட்டியான சாஸ் பூசிய தக்காங்ஜொங் என்ற நெருங்கிய வகையைக் கொரியாவின் சொக்சோ நகரச் சந்தையில் வாங்கி ஆறிய பிறகும் உண்கிறார்கள் என்பதால், உடனே பரிமாற முடியாத விருந்துக்குப் பாகின் அளவைக் கூட்டிக்கொள்வது நல்லது. பக்கத்தில் வெள்ளை முள்ளங்கி ஊறுகாய் இல்லாமல் கொரியர்கள் இதைப் பரிமாறுவது அரிது. சிறு கட்டங்களாக நறுக்கிய முள்ளங்கியை, நீரும் வினிகரும் சர்க்கரையும் சம அளவில் கலந்து சிறிது உப்பிட்ட கரைசலில் முதல் நாளே ஊறவைத்துவிட வேண்டும்.