மூன்ஃபேஸ் வாட்ச்சில் நிலாவைச் சரியாக வைக்க

மூன்ஃபேஸ் வாட்ச் என்றால், முகப்பில் உள்ள சின்ன ஜன்னலில் நிலாவின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டும் வாட்ச். மெக்கானிக்கல் மூன்ஃபேஸ் வாட்ச்சில் நிலாவைத் திருத்த, கடைசியாக எப்போது பௌர்ணமி என்று தெரிந்தால் போதும். காலண்டரில் வட்டம் போட்டிருக்கும் தேதியை அப்படியே எடுத்துக்கொண்டால் சில மாதம் ஒரு நாள் பிசகும். அந்தக் குறி விரதத்துக்கானது. நமக்கு வேண்டியது திதி முடியும் நேரம். பௌர்ணமித் திதி முடிகிற கணம்தான் வானத்தில் நிலா சரியாக முழுமை அடையும் கணம். வாக்கியப் பஞ்சாங்கம் சில மணி நேரம் முன்பின் காட்டும் என்பதால் திருக்கணிதத்தையே பாருங்கள்.

உதாரணத்துக்கு, முழுச் சந்திர கிரகணம் வந்த 2025 செப்டம்பர் 7. அன்று இரவு 11.39-க்கு முழுநிலவு. செப்டம்பர் 12 இரவு வாட்ச்சைச் சரிசெய்கிறீர்கள் என்றால், முதலில் முழுநிலாவை ஜன்னலின் நடுவே கொண்டுவந்து, பிறகு நாளுக்கு ஒன்றாக ஐந்து கிளிக் நகர்த்துங்கள்.

ஆனால் நிலாவைத் தொடுவதற்கு முன் முள்ளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நின்றுபோன வாட்ச் என்றால் முதலில் சாவி கொடுங்கள். முப்பது சுற்று போதும். கிரவுனை (சாவி கொடுக்கும் பக்கவாட்டுத் திருகை) முழுவதும் இழுத்து, தேதி மாறும்வரை முள்ளை முன்பக்கமாகவே சுற்றுங்கள். தேதி மாறினால் அது நள்ளிரவு. அதிலிருந்து காலை ஏழு மணிக்கு நகர்த்திவிட்டு நிலாவுக்கு வாருங்கள். இரவு 8 முதல் விடிகாலை 4 வரை, உள்ளே விரல் போன்ற நீட்டம், நிலா வரைந்த தட்டின் பல்லோடு கோத்திருக்கக்கூடும். அப்போது நிலாவை நகர்த்தினால் பல் முறியும், இல்லையேல் தட்டைப் பிடித்துவைக்கும் மெல்லிய ஸ்பிரிங் வளையும். பிறகு நிலா சில இரவு நகராது, சில இரவு இரண்டு பல் தாண்டும். நள்ளிரவைக் கடந்து முள்ளைப் பின்னோக்கித் திருப்புவதும் இதே கேட்டைத் தரும்.

சில வாட்ச்சில் கிரவுனை ஒரு படி இழுத்துத் திருப்பினாலே நிலா நகரும். மற்றவற்றில் கேஸின் (வாட்ச்சின் வெளிக்கூட்டின்) பக்கவாட்டில் ஒரு சின்னக் குழிக்குள் பொத்தான் இருக்கும். அதற்கென்று கொடுத்த குச்சி தொலைந்திருந்தால் மரப் பல்குச்சியின் முனையை மழுக்கிப் பயன்படுத்துங்கள். ஊக்கு வேண்டவே வேண்டாம். வழுக்கினால் கேஸில் கோடு விழும். ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று கேட்கும்வரை ஆழமாக அமுக்க வேண்டும். அரைகுறையாக அமுக்கினால் தட்டு ஒரு பல் முழுதாக நகராது, எண்ணிக்கை தப்பும்.

அந்தத் தட்டில் எதிரெதிரே இரண்டு நிலா, விளிம்பில் 59 பல். நாளுக்கு ஒரு பல் வீதம் ஒரு நிலாவுக்கு 29.5 நாள். அரை நாள் வருவதால், ஒரு நிலா ஜன்னலின் நட்டநடுவில் நின்றால் அடுத்தது அரைப் பல் தள்ளித்தான் நிற்கும், அது பழுதல்ல. வானத்து நிலாவுக்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் ஆகிறது. மாதந்தோறும் மிஞ்சும் அந்த 44 நிமிடம் சேர்ந்து, சுமார் இரண்டு வருடம் ஏழரை மாதத்தில் வாட்ச் நிலா ஒரு நாள் முந்திவிடும். பின்னால் திருப்ப வழியில்லை. வாட்ச்சை ஒரு நாள் நிற்கவிட்டு, நேரத்தையும் தேதியையும் மட்டும் சரிசெய்து, நிலாவைத் தொடாமல் விடுங்கள். 135 பல் உள்ள தட்டு என்றால் 122 வருடம் கழித்துத்தான் இந்த வேலை.

பிறை நாளில் மட்டும் வானத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். வாட்ச்சில் பிறை நிமிர்ந்து நிற்கும்; நம் ஊர் மாலை வானில் அது தோணிபோல் கிடக்கும்.